ஒன்று தசம் நான்கு ஜீபி

இரவுப் பாவனைக்கென்று தந்த டேட்டா
பன்னிரண்டுக்குத் தொடங்கி விடிய முடிந்துவிடும்.
ஆகவே என் மடிகணினி பூனையின் சாதி.
களுவாஞ்சிகுடி உறங்கையில் முழித்து
லினக்ஸுக்கு வேண்டியதைக்
கவ்விக் கவ்விக் கொண்டுவரும்.
காலையில் ஒரு வரி:
எல்லாம் புதுப்பிக்கப்பட்டன.
கொண்டுவந்ததை எங்கே வைத்தாய் என்று
இரண்டு வருடமாய் நான் கேட்டதில்லை.

மண்டூருக்கு மாற்றலாகிப் போன மறுகாதான் கேட்டேன்.
அங்கே ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு கணினி.
இணையம் என்பது
யன்னல் கம்பியில் கட்டிய டொங்கிளில்
ஒரு கோடு.
மழைக்கு அதுவும் இல்லை.
ஒரு கணினி புதுப்பிக்க ஒரு கிழமை.
பன்னிரண்டுக்கும்?
கிருபைராசா சேர் விரல்விட்டுப் பார்த்துச் சிரித்தார்:
"பிள்ளைகள் சோதின எழுதிப் போயிருங்கள் டீச்சர்."

அன்றிரவு தேடினேன்.
வேருக்குள் வார்,
வாருக்குள் கேஷ்,
கேஷுக்குள் ஆப்ட்,
ஆப்டுக்குள் ஆர்க்கைவ்ஸ்.
கிடந்தன.
நிறுவி முடித்த பிறகும் எறியப்படாமல்,
டெப் டெப் என்று முடியும் பெயர்களோடு
நானூற்றுப் பதினேழு பொதிகள்.
சில பெயர்களில்
முக்காற்புள்ளி நிற்கவேண்டிய இடத்தில்
ஒரு சதவீதக் குறி, ஒரு மூன்று, ஓர் ஏ.
பெயரை ஒள்ளம் மாற்றினால்தான்
உள்ளே விடும் வாசல்களை
நாங்களும் கண்டிருக்கிறோம்.

பார்ஷல் என்றொரு அறை. எனக்குத் திறக்கவில்லை.
விடிந்ததும் டேட்டா அறுந்து
பாதியில் நின்றவை அதற்குள் இருக்குமாம்.

வட்டில் இடம் காணாதென்று
கிளீன் என்ற ஒற்றைச் சொல்லை
முன்னர் இரண்டு தடவை அடித்திருக்கிறேன்,
முற்றம் கூட்டி முடித்தவளின் பெருமையோடு.
அப்போது எத்தனை போயிற்றோ.

பென் டிரைவில் இடம் எடுக்க
மைத்துனியின் கலியாண வீடியோவை அழித்தேன்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
மறுகா ஒன்றைப் பழைய வன்தட்டிலும் போட்டு
அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.
ஒரே ஒரு பிரதியைப்
பிரதி என்று சொல்லக் கூடாது.

குருமண்வெளித் துறை.
இங்கே பாதை என்றால் தெரு இல்லை,
ஆற்றைக் கடக்கும் இரும்புத் தட்டு.
மோட்டார்ச் சைக்கிள் எட்டு, தவிட்டு மூட்டை,
கயிற்றால் வரிந்த ஒரு பிரிஜ், மிச்சம் சனம்.
அழகரெத்தினம் கேட்டார்:
"என்ன டீச்சர், பேக்க இந்தப் பிடி பிடிக்கிறீங்க, சம்பளமா?"
"அப்டேட்."
"தண்ணிக்குள்ள விழுந்தா?"
"வீட்டில இன்னொண்டு கிடக்கு."
"அப்ப என்னத்துக்குப் பயம்?"
பதிலில்லாமல் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கோப்பு இருக்கும் இடத்துக்குப் போகிற வழியையும்
பாதை என்றுதான் கரும்பலகையில் எழுதுகிறேன்.
இந்தப் பிள்ளைகளுக்கு
அந்தச் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை.
அது அக்கரையில் நிற்கும்,
வரும்வரை நிற்கவேண்டும்
என்று பிறந்த நாளிலிருந்து தெரியும்.

பத்துக் கணினிகள் ஏற்றுக்கொண்டன.
டொங்கிளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டே செய்தேன்,
கிருபைராசா சேர் பார்க்கட்டும் என்று.
அவர் ஒவ்வொன்றாய்க் கிட்டப்போய்
நேரத்தைக் கொப்பியில் குறித்தார்.
ஒன்று ஏழு நிமிடம், ஒன்று பதினொன்று.

ஒன்பதாம் இலக்கமும் பன்னிரண்டாம் இலக்கமும்
மாட்டேன் என்றன.
முப்பத்திரண்டு பிட் கிழடுகள்.
நான் கொண்டுபோனது அவற்றின் வாய்க்கு ஆகாது.

ஒன்பதில் எப்போதும் இருப்பவள் யதுர்ஷனா.
"இதுக்கு ஒண்டும் கொண்டரல்லையா டீச்சர்?"
குரலில் முறைப்பாடில்லை.
பந்தியில் தன் இலைக்கு இன்னும் வரவில்லை என்று
பார்த்துச் சொல்வது போல.

கடைசிப் பாதைக்கு ஓடினேன்.
இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு மறுகா
அவளுடைய கணினியின் பேரைச் சொல்லிக் கேட்கவேண்டும்.
பென் டிரைவில் இன்னும்
ஆறு ஜீபி வெறுமையாகக் கிடக்கிறது.